முள் சொல்வதும் உடல் சொல்வதும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பெரியோர் வாக்கு. வழக்குத் தீர்க்க அமரும் ஊர்த் தலைவருக்குச் சொன்ன அறிவுரையாகவே இதனைப் பலரும் கொள்வர். மேகத்தினுள் பறக்கும் விமானிக்கு இது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. கண்ணும் காதும் பொய் சொல்லும் என்பதை ஒப்புக்கொள்வது எளிது. தீர விசாரிப்பது எப்படி என்பதுதான் அரிய பகுதி. விமானி அறையின் கருவிகளைப் பற்றி நாம் இங்கே எழுத முற்பட்டதும் அதன் பொருட்டே.

காது பொய் சொல்வது எங்ஙனம்? மனிதரின் உட்காதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. தலை ஒரு பக்கம் திரும்பும்போது குழல் உடனே திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர்மமோ சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிரிழைகள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நடப்பதற்கும் ஓடுவதற்கும் மரமேறுவதற்கும் படைத்தவர் தந்த இந்த ஏற்பாடு போதுமானது. ஆனால் ஒரே சீரான வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால், பத்து இருபது நொடிகளில் நீர்மமும் குழலின் வேகத்தை எட்டிவிடுகிறது. உடனே, 'நான் திரும்பவில்லை, நேராகவே செல்கிறேன்' என்று உடல் சாட்சி சொல்லத் தொடங்குகிறது. அந்நிலையில் விமானி விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாக அதே உடல் கூக்குரலிடும். கீழே நிலமோ தொடுவானமோ தெரிந்தால் கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்தினுள் அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் கொண்டு பறக்கப் பயிற்சி பெறாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடிகள். செபமாலையில் ஒரு பத்து மணியைப் பக்தியோடு சொல்லி முடிப்பதற்குள் ஒரு மனிதர், தாம் நேராகச் செல்வதாக நம்பிக்கொண்டே, நிலத்தை நோக்கிச் சுழன்று இறங்கத் தொடங்கிவிடுகிறார்.

இவற்றையெல்லாம் நமக்கு ஆர்வமூட்டியவர் நம் பங்கில் வாழும் ஒரு முதியவர். வான்படையில் விமானக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி, நமக்கும் அப்படியே. பழைய இரும்புக் கடையொன்றில் விலைக்கு வாங்கிய உயரமானி ஒன்றை அவர் பூசை மேடையில் வைப்பதுபோல் துணி விரித்து மேசைமேல் வைத்திருக்கிறார். உள்ளங்கையளவு வட்ட முகம், கடிகாரம்போல் முட்கள், பெரிய முள் ஒரு சுற்று வந்தால் ஆயிரம் அடி. முகத்தின் வலப்பக்கத்தில் ஒரு சிறு சாளரம். அதில் காற்றழுத்தத்தின் எண். கீழே அந்த எண்ணைத் திருப்பும் ஒரு குமிழ்.

ஒருநாள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் ஆலயத்தின் மணிக்கூண்டில் ஏறினோம். அவருக்கு மூட்டுவலி, நமக்கு மூச்சிரைப்பு. ஒவ்வொரு தளத்திலும் நின்று அவர் விரலால் கண்ணாடியைத் தட்டுவார். தட்டியதும் முள் மெல்ல நகரும். உள்ளே, காற்று நீக்கி மூடிய, மடிப்பு மடிப்பான தகட்டுச் சிமிழ் ஒன்று இருக்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால் சிமிழ் விரிகிறது. அந்த மயிரிழை விரிவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளை ஓட்டுகின்றன. கடல் மட்டத்தையொட்டி ஏறத்தாழ 30 அடி ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறையும். நம் மணிக்கூண்டை அந்தப் பழைய சிமிழ் சரியாகவே அளந்தது.

ஆனால் நம்மைச் சிந்திக்க வைத்தது மணிக்கூண்டு அன்று, மேசை. காலை பத்து மணிக்கு அவர் வீட்டு மேசையில் முள் எங்கே நின்றது என்பதைக் குறித்துக்கொண்டோம். மாலை நான்கு மணிக்கு மீண்டும் சென்று பார்த்தபோது, யாரும் தொடாத அந்தக் கருவி ஏறத்தாழ நூறு அடி உயர்ந்திருப்பதாகக் காட்டியது.

"என்ன அண்ணாச்சி, வீடே மேலே போயிட்டுதா?" என்றோம்.

"வீடு அங்கேயேதான் இருக்கு சாமி. காத்துதான் எறங்கியிருக்கு" என்றார் அவர்.

நம் போன்ற வெப்ப நாடுகளில் காற்றழுத்தம் கடல் ஓதம்போல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது; காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. புயற்சின்னம் உருவானால் இந்த வேறுபாடு இன்னும் பெருகும். கருவி பொய் சொல்லவில்லை. தான் உணரும் அழுத்தத்தை அது நேர்மையாகவே சொல்கிறது. எந்த அடிப்படையிலிருந்து எண்ணுவது என்பதுதான் அதற்குத் தெரியாது. ஆகையால் தரையிறங்கப் போகும் ஒவ்வொரு விமானியும், அந்த நிலையத்தின் அப்போதைய அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டு, குமிழைத் திருப்பி, சாளரத்தில் அந்த எண்ணை அமைத்துக்கொள்கிறார். கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதியும் செய்கிறார். பத்து ஹெக்டோபாஸ்கல் தவறாக அமைத்தால் முந்நூறு அடி தவறு. குன்றின் மேலே செல்வதாக முள் சொல்லும், விமானமோ குன்றின் இடுப்பை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்.

குருத்துவக் கல்லூரியில் ஒழுக்கநெறி இறையியல் பயின்ற நாள்களில், மனசாட்சி பற்றிய பாடம் நமக்கு எப்போதும் ஒரு முடிச்சாகவே இருந்தது. மனிதன் தன் மனசாட்சியின்படி நடக்கக் கடமைப்பட்டவன்; அதே வேளையில் மனசாட்சி தவறவும் கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனசாட்சியை மனிதனின் மிக அந்தரங்கமான திருவிடமாகப் போற்றுகிறது. அது அறியாமையால் பிழைபடுவதும் உண்டு, அதனாலேயே அது தன் மாண்பை இழப்பதில்லை என்றும் கற்பிக்கிறது. ஒன்றை நம்பச் சொல்கிறார்களா, ஐயுறச் சொல்கிறார்களா என்று மாணவர்களாகிய நாங்கள் வாதிட்டது உண்டு. அண்ணாச்சியின் மேசையிலிருந்த சிமிழ் அந்த வாதத்திற்கு ஒரு வழி காட்டுகிறது. உள்ளிருந்து உணர்வது சிமிழின் வேலை. அதை வேறு யாரும் செய்ய முடியாது. கோபுரத்தில் இருப்பவர் விமானத்தின் உயரத்தை விமானிக்குப் பதிலாக உணர்ந்துவிட முடியாது. ஆனால் எந்தத் தரையிலிருந்து எண்ணுவது என்பது வெளியிலிருந்து வர வேண்டும். 'என் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் நடக்கிறேன்' என்று வரதட்சணை பேசும் பெற்றோரையும், சாதிக்கொரு கல்லறை கேட்கும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. முள் உண்மையாகவே அப்படித்தான் நிற்கிறது. குமிழைத் திருப்பி எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதே கேள்வி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட உயரத்திற்கு மேலே சென்றபின் எல்லா விமானங்களும் அவ்வவ்வூர் அழுத்தத்தை விட்டுவிட்டு 1013.2 என்ற ஒரே பொது எண்ணுக்கு மாறுகின்றன. எதிரும் புதிருமாகப் பறக்கும் விமானங்கள் மோதாதிருக்க வேண்டுமானால் அனைவரும் ஒரே அளவுகோலை வைத்திருக்க வேண்டும். அந்த எண் எந்த ஊருக்கும் துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. இறங்கும்போது மீண்டும் அந்தந்த ஊரின் எண். அகில உலகத் திருச்சபை, தலத் திருச்சபை என்று நாள் முழுதும் கருத்தரங்கு நடத்தும் நம்மவர்க்கு இதைச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் அதற்கும் ஒரு கருத்தரங்கு வைத்துவிடுவார்கள்.

வேகமானியின் கதை சுவையானது. 1732-இல் ஆன்ரி பிட்டோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் பாரிசு நகரில் ஓடும் சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க வளைந்த குழாய் ஒன்றை அமைத்தார். நீரோட்டத்தை எதிர்நோக்கிய வாயில் புகும் நீர், ஓட்டத்தின் விரைவுக்கேற்ப குழாயில் உயர்ந்தது. அதே கருத்து இன்றும் ஒவ்வொரு விமானத்தின் முகப்பிலும் சிறு குழாயாக நீண்டிருக்கிறது. எதிர்வரும் காற்று அதில் மோதும் அழுத்தத்தையும், உடற்பகுதியின் பக்கவாட்டுத் துளைகள் உணரும் அசைவற்ற காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு வேகம் காட்டப்படுகிறது. அந்தப் பக்கவாட்டுத் துளைகளையே உயரமானியும், ஏறும் இறங்கும் வீதத்தைக் காட்டும் கருவியும் நம்பியிருக்கின்றன. திரும்பல் காட்டி, திசை காட்டி, செயற்கைத் தொடுவானம் ஆகிய மற்ற மூன்றும் பம்பரத்தின் பிள்ளைகள். இந்த ஆறும்தான் அடிப்படை. இன்றைய பெரிய விமானங்களில் இவை கண்ணாடித் திரைகளில் ஒளிரும் படங்களாகிவிட்டன என்றாலும், படத்தில் தெரிவது அதே ஆறு செய்திகளே.

வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை விட்டுக்கொடுக்காது. அதைச் சுற்றி விமானம் எப்படிப் புரண்டாலும் உள்ளே அது நிமிர்ந்தே நிற்க முயலும். கைரோஸ்கோப் என்று 1852-இல் பூக்கோ என்னும் அறிஞர் பெயரிட்ட இந்தப் பம்பரத்தின் நேர்மையைக் கொண்டுதான் செயற்கைத் தொடுவானம் வரையப்படுகிறது. மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவே ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு சிறு விமான உருவம். மேற்கத்திய முறைக் கருவியில் விமான உருவம் அசையாது, தொடுவானம் சாயும். ரஷ்ய முறையில் தொடுவானம் சாயாது, விமான உருவமே சாயும். இரண்டையும் கையாண்டவர் அண்ணாச்சி. "உலகம் சாயுதுன்னு ஒருத்தன் காட்டுதான், நீதான் சாயுதன்னு ஒருத்தன் காட்டுதான்" என்று சிரித்தார். எது மேலானது என்று கேட்டோம். பழகினது மேல் என்றார்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் திடலில், ஜிம்மி டூலிட்டில் என்னும் விமானி தம் இருக்கையை முழுதும் துணிக்கூரையால் மூடிக்கொண்டு, வெளியே ஒரு கீற்றுக்கூடப் பாராமல், விமானத்தை மேலேற்றி, சுற்றிவந்து, இறக்கியும் காட்டினார். ஏறத்தாழ 15 நிமிடப் பறத்தல். ஸ்பெர்ரி நிறுவனத்தின் கைரோ கருவிகளும், பால் கோல்ஸ்மன் செய்த நுண்ணிய உயரமானியும், வானொலி வழிகாட்டியும் அவருக்குத் துணை. முன்னிருக்கையில் பாதுகாப்புக்காக அமர்ந்திருந்த இன்னொரு விமானி, தாம் எதையும் தொடவில்லை என்று காட்டத் தம் கைகளை வெளியே உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

இந்நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, 'உணர்வுகளை நம்பாதே, கருவியை நம்பு. கருவிதான் விசுவாசம்' என்று மறையுரை ஆற்றிவிடலாம். அப்படிப்பட்ட மறையுரைகளை நாம் கேட்டும் இருக்கிறோம். தியானம் கொடுக்க வருவோர்க்குப் பிடித்த உவமை அது. அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "கருவி கெடும் சாமி. கெடாதுன்னா எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார்.

1978 சனவரி முதல் நாள், மரியன்னை இறைவனின் தாய் என்னும் பெருவிழா. அன்று இரவு மும்பையிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 விமானம், இரண்டு நிமிடங்களுக்குள் பாந்திராக் கடற்கரைக்கு அப்பால் அரபிக்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் இறந்தனர். புறப்பட்டபின் விமானம் வலப்புறம் திரும்பி மீண்டும் நேரானது. ஆனால் தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கைத் தொடுவானம் பழுதுற்று, இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அவர் அதை நம்பி இடப்புறம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். வெளியே இருண்ட கடல், இருண்ட வானம். இரண்டையும் பிரிக்கும் கோடு இல்லை. உடலும் அவருக்கு உண்மை சொல்லவில்லை, கருவியும் சொல்லவில்லை. துணை விமானியின் முன்னே இன்னொரு கருவி இருந்தது. நடுவே காப்புக் கருவியும் இருந்தது. அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சில நொடிகள்தான் அங்கே கிடைக்காமற் போயின.

1996-ஆம் ஆண்டு இவ்வகையில் கொடியது. பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கனேர் நிறுவன விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். வேகம் அளக்கும் குழாய்களுள் ஒன்று அடைபட்டிருந்தது. பறக்காமல் நின்ற நாள்களில் குழாயின் வாய்க்கு உறை போடாததால் மண்குளவி அதில் கூடு கட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். நம் ஆலய ஒலிபெருக்கிக் குழாயிலும் சன்னல் கம்பியிலும் கூடு கட்டும் அதே இனத்துக் குளவி. அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லீமாவில் கிளம்பிய ஏரோபெரு விமானத்திலோ, கழுவும்போது பக்கவாட்டுத் துளைகள்மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்துவிட்டனர். உயரமும் வேகமும் ஏறும் வீதமும் ஒருசேரப் பிதற்றத் தொடங்கின. இரவு, கடல், மேகம். கலங்கிய விமானிகள் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரிடம் தங்கள் உயரத்தைக் கேட்டனர். அவர் தம் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார். உயரமானியும் அதையே சொன்னது. ஆனால் அவர் திரையில் தெரிந்த அந்த எண், அதே விமானத்தின் அதே பழுதான கருவியிலிருந்து அனுப்பப்பட்டது. சிறகு கடல்நீரைத் தொட்டபோதும் முள் 9,700 அடி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எழுபது பேர் இறந்தனர்.

இந்த விபத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொன்னால் உண்மை நிலைநாட்டப்படும் என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டம் முதல் நம் ஊர்ப் பஞ்சாயத்து வரை உள்ள நெறி. அந்த இரண்டாவது சாட்சி முதற் சாட்சியின் எதிரொலியாக இருந்தால்? ஓர் ஊரில் ஒருவரைப்பற்றி நாற்பது பேர் ஒரே செய்தியைச் சொல்வார்கள். விசாரித்துப் போனால் நாற்பது பேருக்கும் சொன்னவர் ஒருவரே. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் வீழ்ந்த போயிங் 737 மேக்ஸ் விமானங்களில், இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றின் சொல்லை மட்டும் கேட்டு விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தும் ஏற்பாடு அமைக்கப்பட்டிருந்தது. மொத்தம் 346 உயிர்கள். இயந்திரமும் புறங்கூறலை நம்பும்படி செய்யப்படலாம் போலும்.

எனவே நல்ல விமானியின் கண் எந்த ஒரு கருவியின்மேலும் தங்குவதில்லை. செயற்கைத் தொடுவானத்திலிருந்து வேகத்திற்கு, மீண்டும் தொடுவானத்திற்கு, பிறகு உயரத்திற்கு, மீண்டும் தொடுவானத்திற்கு, பிறகு திசைக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மூக்கு மேல்நோக்கியிருப்பதாக ஒன்று சொன்னால், உயரம் கூட வேண்டும், வேகம் குறைய வேண்டும். இல்லையேல் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். காற்றைக் கேட்கும் கருவிகளும் பம்பரத்தைக் கேட்கும் கருவிகளும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து பேசுவதால்தான் இந்த விசாரணை சாத்தியமாகிறது. திருத்தூதர் பவுலைச் சுமந்த கப்பலில் பல நாள் கதிரவனும் தெரியவில்லை, விண்மீன்களும் தெரியவில்லை. நள்ளிரவில் மாலுமிகள் கயிறு இறக்கி ஆழம் பார்த்தார்கள்: இருபது பாகம். சற்றுத் தள்ளி மீண்டும் பார்த்தார்கள்: பதினைந்து பாகம். முதல் அளவு அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. இரண்டாவதும் சேர்ந்தபோதுதான் கரை நெருங்குவதை அறிந்து நங்கூரங்களை இறக்கினார்கள். நம் கடற்கரை மக்கள் இதை விளக்கவுரை இன்றியே புரிந்துகொள்வார்கள்.

வழிகாட்டும் கருவிகளைப் பற்றி ஒரு சொல். 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் சென்ற கொரிய விமானம் 007 வழி விலகிச் சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தனர். தன் இடத்தைத் தானே கணித்துச் செல்லும் நுண்கருவி அந்த விமானத்தில் இருந்தது. ஆனால் தானியங்கி ஓட்டுநர் அந்தக் கருவியைப் பின்பற்றும் நிலைக்கு மாறாமல், ஒரே திசையெண்ணைப் பிடித்துக்கொண்டு சென்றது என்று 1993-இல் வெளியான பன்னாட்டு அறிக்கை முடிவு செய்தது. வழி தெரிந்த கருவி உள்ளேயே இருந்தது. சுக்கானோடு அது இணைக்கப்படவில்லை. மறைக்கல்வித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் பலரை நாம் இப்போது நினைத்துக்கொள்கிறோம். செயற்கைக்கோள் வழிகாட்டும் முறையைப் பொதுமக்கள் விமானங்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடுவதாக அமெரிக்கா அறிவித்தது அந்தத் துயரத்தையடுத்துத்தான்.

விமானிகளுக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பது நம் வாசகர் பலருக்குத் தெரிந்திருக்கும். நாசரேத்து வீட்டை வானதூதர்கள் சுமந்துவந்தனர் என்னும் மரபையொட்டி, லொரேத்தோ அன்னையை 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். டிசம்பர் 10 அன்று வரும் அவ்வன்னையின் நினைவு நாளை 2019-இல் திருத்தந்தை பிரான்சிசு பொது நாள்காட்டியில் சேர்த்தார். அண்ணாச்சியின் மேசையில் உயரமானிக்கு அருகே அந்த அன்னையின் சிறு படம் ஒன்றும் இருக்கிறது. ஆனாலும் கண்ணாடியைத் தட்டிப் பார்க்காமல் அவர் முள்ளை நம்புவதில்லை.

இனி, நாம் இவ்வளவும் படிக்கவும் கேட்கவும் உண்மையான காரணத்துக்கு வருவோம். நம் பங்கில் ஒரு தாய், தம் ஒரே மகனைச் சாலை விபத்தில் இழந்தவர். அடக்கம் முடிந்தபின் பதினொரு மாதம் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே: "செபத்துல ஒண்ணுமே இல்ல சாமி. செவுத்துக்கிட்டப் பேசுத மாதிரி இருக்கு." புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், உள்ளம் வறண்டு இருளடைந்த வேளையில் முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றாதிருக்குமாறு கற்பிக்கிறார். மேகத்தினுள் நுழைந்தவுடன் சுக்கானைத் திருப்பாதே என்பதுபோன்ற அறிவுரை. ஆழ்ந்த அறிவுரைதான். ஆனால் பிள்ளையைப் புதைத்த தாயிடம், 'உன் உணர்வு பொய், அதை நம்பாதே' என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் உணர்ந்த வெறுமை உட்காதின் மயக்கமன்று. மகன் இல்லை என்பது உண்மை. அந்த முள் சரியாகவே நிற்கிறது.

அந்நாள்களில்தான் ஏர் பிரான்சு 447 விமானத்தைப் பற்றி நாம் படிக்க நேர்ந்தது. 2009 சூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற அந்த விமானத்தின் வேகக் குழாய்களைப் பனித்துகள்கள் சிறிது நேரம் அடைத்தன. தானியங்கி ஓட்டுநர் விலகிக்கொண்டது. திகைத்த விமானி மூக்கை மேலே இழுத்தார். சிறகுகள் காற்றைத் தாங்கும் ஆற்றலை இழந்து, ஏறத்தாழ 38,000 அடி உயரத்திலிருந்து மூன்றரை நிமிடத்தில் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. இறந்தவர் 228 பேர். கடலடியிலிருந்து பதிவுக் கருவிகள் 2011-இல் மீட்கப்பட்டபின் தெரியவந்த செய்தி ஒன்று நம் உறக்கத்தைக் கெடுத்தது. விமானம் தாங்கும் ஆற்றலை இழக்கிறது என்று எச்சரிக்கும் ஒலி ஒன்று உண்டு. முன்னோக்கிய வேகம் மிகவும் குறைந்தபோது, கணிப்பொறி அந்த அளவுகளை நம்பத்தகாதவை என்று தள்ளிவிட, எச்சரிக்கை ஒலி நின்றுவிட்டது. விமானி மூக்கைத் தாழ்த்தியபோதோ, அதுவே சரியான செயல், வேகம் சற்றுக் கூடி, அளவுகள் மீண்டும் ஏற்கப்பட்டு, எச்சரிக்கை மறுபடியும் அலறத் தொடங்கியது. தவறு செய்தபோது அமைதி, திருத்தியபோது அலறல். அந்த இருளில் யாரால் அதைப் பகுத்தறிய முடியும்?

கடந்த ஆண்டு அக்டோபர் மாதச் செபமாலை வழிபாட்டுக்கு அந்தத் தாய் வந்தார். வாசலையொட்டிய கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னே அமர்ந்தார். இரண்டாம் பத்துமணி தொடங்குமுன் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வெளியே சென்றுவிட்டார். வழிபாடு முடிந்து நாம் சென்று பார்த்தபோது மாதா கெபியின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல இருந்தா மரத்துப்போயிக் கெடக்கேன் சாமி. இங்க வந்தாத்தான் இன்னும் அதிகமா வலிக்கு. வராமலே இருந்திருக்கலாமோன்னு தோணுது."

அந்த விமானத்தைப் பற்றி அவரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய கதையுமன்று அது. சிறிது நேரம் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். கோயில் பிள்ளை விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்.

"வலிக்கத்தான் செய்யும் அம்மா. நாளைக்கும் வாங்க" என்றோம்.

"பாக்கேன் சாமி" என்று எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள், முதல் மணி அடிக்கும்போதே வந்து, அதே தூணுக்குப் பின்னே உட்கார்ந்திருந்தார்.